புச்கி என்பவர் தங்கவே இல்லை

கிடைக்காது என்று எல்லோரும் சொன்ன பிறகும் என் தங்கை புச்கி வாங்கிக் காட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனதாக எழுதி நிறுத்தப்பட்ட மாமனாரின் ரேஷன் கார்டை, அந்த மாமனாரையே ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் உட்கார வைத்துத் திரும்ப வாங்கினாள். குழாய் போட இடமே கிடையாது என்று கைவிரிக்கப்பட்ட எங்கள் சந்தில், சுவரோரம் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிக் குழாய் வாங்கினாள். கியாரண்டி முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட தையல் மெஷினுக்கு, அது முடிவதற்கு முந்தைய நாளே பழுதானது என்று நிரூபித்துப் புது மோட்டார் வாங்கினாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதித் தேறினாள். நான் எட்டோடு நின்றவள். அவள் மார்க்‌ஷீட்டை எங்கள் சந்தில் எல்லோருக்கும் காட்டியது நான்தான்.

ஒடிசாவில் பூரி கடற்கரை ஊரில் நடந்த ஹோட்டல் விவகாரத்தை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. சேர்க்கலாம் என்பது என் கட்சி. கூடாது என்கிறாள் புச்கி. அவள் எதையும் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டாள்.

அவள் மீன் வாங்குவதைப் பார்த்தால் இது புரியும். வங்காளத்தில் எங்கள் ஊர் ஷேவ்ராபுலி சந்தையில் ரூய் மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்ப்பாள். அந்த விரலை வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, சிவப்புச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். மீன்காரன் கோபால் அவளைக் கண்டதும் பக்கத்துக் கடைக்காரனிடம், "போலீஸ் வருதுடா" என்பான். அவளும் சளைக்காமல், "திருடன் இருக்கிற இடத்துக்குத்தானே போலீஸ் வரும், கோபால்தா" என்பாள். அவள் பை நிறைய மீனோடு திரும்பும்போது நாங்கள் யாரும் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டோம். அவள் பார்த்தாயிற்று என்றால் அவ்வளவுதான்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீழ்த்தள அறையில் அவளும் இன்னும் ஐந்து பெண்களும் பிளவுஸ் தைக்கிறார்கள். கல்கத்தா கடைக்காரர்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். துணி இருக்கும் அலமாரியின் சாவி ஒன்பது வருடமாகப் புச்கியின் சேலைத் தலைப்பில்தான் தொங்கியது. யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. சந்தேகப்படுகிறவளிடம் சாவி இருந்தால் துணி பத்திரமாக இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது, அவ்வளவுதான்.

டிசம்பரில் அந்த ஆறு பேரும் பூரி போவது என்று முடிவானது. என்னையும் சேர்த்து ஏழு. புருஷன்மார் இல்லாமல் நாங்கள் போகும் முதல் பயணம். அறை பிடிக்கிற வேலையைப் புச்கியிடம் விட்டார்கள். வேறு யாரிடம் விடுவார்கள்?

செல்போனில் ஒரு பயண கம்பெனியின் ஆப்பை வைத்துக்கொண்டு அவள் பத்து நாள் அல்லாடினாள். கடைசியில் ஊர்மி நிவாஸ் என்ற ஹோட்டலைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே கடலும் பச்சைத் திரையும் தெரிகிற போட்டோ, லிஃப்ட் உண்டு என்ற வரி, இரண்டும் அதில் இருந்தன. அந்த ஆறு பேரில் ஒருத்தி சாம்பா, தீதி சேர்த்துச் சாம்பாதி, தீதி என்றால் அக்கா; அவளுக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்ட் கட்டாயம். புச்கி ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு, தீதி."

"ஓடுமா?"

"என்ன கேள்வி இது, தீதி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"கவலைப்படாம வாங்க, எல்லாம் ஓடும்."

ஜன்னலிலிருந்து கடலை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வந்தது. அலை அடித்தது, பச்சைத் திரை ஆடியது. அதன் பிறகுதான் பதிவு செய்தாள்.

போய் இறங்கிய காலையில் மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் பதிவைப் பார்த்தான். வாக்காளர் அட்டையைப் பார்த்தான். ஆப்பில் இருந்த பெயர் புச்கி சாந்த்ரா. அட்டையில் இருந்தது தபதி சாந்த்ரா. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று வீட்டில் கூப்பிட, மற்றது பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும். ரேஷன், பேங்க், ஓட்டு என்று எதில் கேட்டாலும் என் தங்கை யோசிக்காமல் தபதி என்றுதான் எழுதுவாள். ஊர் சுற்றப் போகிற சந்தோஷத்தில் ஆப் பெயர் கேட்டபோது, எல்லோரும் கூப்பிடுகிற பெயரைத் தட்டிவிட்டிருக்கிறாள்.

"புச்கிங்கறது நான்தான். வீட்டுப் பேரு" என்றாள்.

அந்த ஆள் சிரித்தான். "தெரியும் தீதி. பெங்கால்ல இருந்து வர்றவங்களுக்கு எல்லாம் ஆளுக்கு ரெண்டு பேரு. நாங்க பார்க்காததா?" என்று சொல்லி நோட்டில் தபதி என்று எழுதிக்கொண்டான்.

லிஃப்ட் இருந்தது. அதாவது லிஃப்டின் கதவு இருந்தது. புச்கி அதை இழுத்துத் திறந்தாள். உள்ளே மெத்தைகளும் தலையணைகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அறை நான்காவது மாடியில். சாம்பாதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். அறை ஜன்னலில் பச்சைத் திரை இருந்தது. அதை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் குளியலறைக் குழாய்கள், ஒரு குழாயில் புறா. கடல் பார்க்க வேண்டும் என்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றான் அறைப் பையன்.

வேறு எங்கும் இடமில்லை, டிசம்பர் கூட்டம். மூன்று ராத்திரி அங்கேயே கிடந்தோம். சாம்பாதி இரண்டாம் நாளிலிருந்து கீழே இறங்கவே இல்லை. பூரி வரை வந்து கடலில் கால் வைக்காமல் திரும்பினாள். புச்கி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. கிளப்பியது ரேபாதி. தையல் யூனிட்டில் மூத்தவள், பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் மிஞ்ச முடியாது. மோட்டார் வாங்கிய மெஷினில் புச்கி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது, யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியல. மீன் செவுள்ல சாயம் பூசினாலும் கண்டுபிடிக்கிறவ. அவளை ஒரு போட்டோ ஏமாத்திடுச்சாம்."

மெஷின் நின்றது. "என்ன சொல்ல வர்றீங்க, ரேபாதி?"

"நான் எதுவும் சொல்லல. கேக்கறேன். என்னை ஏமாத்தினா நம்பலாம், நான் அசடு. சாம்பாவை ஏமாத்தினா நம்பலாம். உன்னை ஏமாத்த முடியுமாடி?"

"ஏமாந்துட்டேன்."

"அதைத்தான் நம்ப முடியல. நீ ஏமாறலைன்னா, தெரிஞ்சேதான் பிடிச்சிருக்கணும். தெரிஞ்சே அந்தப் பொந்தைப் பிடிச்சா சும்மாவா பிடிப்பாங்க? ஹோட்டல்காரன் கமிஷன் குடுக்கறது ஊர்ல நடக்காததா?"

நான் மதியச் சோற்றுத் தூக்கைக் கொடுக்கப் போனவள், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அத்தனை வருடம் சேர்த்த பெயர் அவளுக்கு எதிராகவே திரும்பியிருந்தது. கொஞ்சம் ஏமாளியாக இருந்திருந்தால் அவளை மன்னித்திருப்பார்கள்.

புச்கி தலைப்பிலிருந்து சாவியை அவிழ்த்து கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்தாள். "யார் வேணா வச்சுக்கங்க. கம்பெனிக்காரன் வாயால அது பொய்னு சொல்ல வைக்கிறேன். அதுக்கப்புறம் பேசலாம்."

"சொல்ல வை. பார்க்கலாம்" என்றாள் ரேபாதி. சாவியை அவளும் எடுக்கவில்லை. கடைசியில் சாம்பாதி எடுத்து ஆணியில் மாட்டினாள்.

அன்று சாயங்காலமே புச்கி புகார் எழுத ஆரம்பித்தாள். ஆப்பில் எழுதினால் பதில் எழுதிக்கொண்டே வந்தது. சௌகரியக் குறைவுக்கு வருந்துகிறோம் என்றது. புச்கிக்குச் சந்தேகம். "தீதி, இது மனுஷனா மெஷினா?" என்று கேட்டுவிட்டு, இன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பார்த்தாள். சௌகரியக் குறைவுக்கு வருந்துகிறோம் என்றது.

"மெஷின்தான்" என்றாள்.

"சாப்பாட்டுல நிஜமாவே குறை இருந்திருக்கும்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

லிஃப்டுக்குள் மெத்தை, ஜன்னலுக்கு எதிரே சுவர், சாம்பாதி படியில் உட்கார்ந்திருப்பது, எல்லாப் போட்டோவையும் அனுப்பினாள். கம்பெனிக்கு போன் போட்டும் சொன்னாள். சில நாள் கழித்துப் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் போனை என்னிடம் நீட்டினாள். ஹோட்டலை விசாரித்தார்களாம். புச்கி சாந்த்ரா என்பவர் அந்தத் தேதிகளில் ஹோட்டலுக்கு வரவே இல்லை, தங்கவும் இல்லை என்று ஹோட்டல் தெரிவிக்கிறதாம். தங்காத ஒருவரின் புகாரை ஏற்க வழியில்லையாம். போட்டோக்கள் எங்கே எடுத்தவை என்றும் தெரியவில்லையாம்.

சிரித்துக்கொண்டே தபதி என்று எழுதிக்கொண்ட ஆளின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. பூரிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இதே போல வீட்டுப் பெயரில் பதிவு செய்திருப்பார்கள். அவன் இதை முதல் தடவையாகச் செய்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

"யூனிட்ல இதைக் காட்டாதே" என்றேன். "பேரை மாத்திக் குடுத்ததும் தில்லுமுல்லுதான்னு சொல்லுவாங்க."

"காட்டாம விட்டா அதுவே தில்லுமுல்லு ஆயிடும்" என்று அவள் மறுநாள் போனை மேசைமேல் வைத்துவிட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். சாம்பாதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"ரெண்டு பேரு வச்சு விளையாடினியா?" என்றாள் ரேபாதி உடனே.

"உங்களுக்கும்தான் ரெண்டு பேரு இருக்கு. ஆப்ல பேரு கேட்டா நீங்க எதைப் போடுவீங்க?"

ரேபாதியின் சர்க்கார்ப் பெயர் ஹேமாங்கினி. அவள் பிள்ளைகளுக்கே அது கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுதான் தெரிந்தது.

"இன்னொரு தடவை படி, சாம்பா. அந்த வரவே இல்லைங்கற இடம்" என்றாள் ரேபாதி.

சாம்பாதி படித்தாள்.

"வரவே இல்லையாம். அப்ப மூணு ராத்திரியும் என் பக்கத்துல படுத்து என் போர்வையை இழுத்துக்கிட்டது யாரு? பேயா?"

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ரேபாதி சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு யோசித்தாள். அவளும் சந்தேகப்படுகிறவள்தான். புச்கி பொருளைச் சந்தேகப்படுவாள், ரேபாதி ஆட்களைச் சந்தேகப்படுவாள்.

"இங்க பாரு" என்றாள். "கமிஷன் வாங்கினவள்னா அவங்களுக்குக் கூட்டாளி. கூட்டாளியை எவனாவது வரவே இல்லைன்னு சொல்லுவானா? நாளைக்கு இவ வாயைத் திறந்தா அவன் மாட்டுவானே. சொல்றான்னா, இவளால அவனுக்கு ஒரு பயமும் இல்ல. இவ கையில அவனோட எதுவும் இல்ல."

"அதாவது?" என்றாள் சாம்பாதி.

"அதாவது, இவ நிஜமாவே ஏமாந்துட்டா." இதைச் சொல்லும்போது ரேபாதியின் முகத்தில் கொஞ்சம் திருப்திகூடத் தெரிந்தது. "நம்ம போலீஸும் ஏமாறும் போலிருக்கு. எங்கடி, அந்தக் கம்பெனிக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. ஆனா நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன், நீ என்ன பேசறேன்னு."

நெடுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பையன் பேசினான். என் பெயர் கரண் என்று இந்தியில் சொன்னான். புச்கி நடந்ததைச் சொன்னாள். பதிவில் உள்ள பெயரும் தங்கியவர் பெயரும் வேறு வேறு, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றான். அவன் இந்தியில் எங்கள் ஊர்ச் சாயல் எனக்கே கேட்டது. புச்கிக்குக் கேட்காமல் இருக்குமா? சட்டென்று வங்காள மொழியில் கேட்டாள்.

"தம்பி, போன வாரம் பேசினவரும் கரண்னுதான் சொன்னாரு. அவர் குரல் வேற. உன் நிஜப் பேரு என்ன?"

அவன் இந்தியிலேயே, பெயரெல்லாம் சொல்லக் கூடாது என்றான்.

"சரி, அது வேணாம். உங்க அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

மெல்லிய குரலில் அவனும் வங்காள மொழியில், "பாப்லு" என்றான்.

"பாப்லுங்கற பேர்ல டிக்கெட் எடுத்து நீ வேற பேரு போட்ட அட்டையோட போனா, நீ போகலைன்னு அர்த்தமா?"

"இல்ல தீதி. எனக்குப் புரியுது. மேல இருக்கறவங்களுக்கு இது புரியாது, அவங்க வேற ஊரு." குரலை இன்னும் தாழ்த்தினான். "புச்கி, தபதி ரெண்டும் ஒருத்தர்தான்னு நோட்டரிகிட்ட உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்க. கூட வந்தவங்க ரெண்டு பேராவது சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். உங்களோட ரெண்டு பேரும் அதுல இருக்கணும், ஒவ்வொரு பேருலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கணும். அதை அனுப்பினா தள்ள முடியாது." உடனே இந்திக்கு மாறி, வேறு உதவி வேண்டுமா என்று கேட்டு வைத்துவிட்டான்.

"இவன் எதுக்கு நமக்கு வழி சொல்றான்?" என்றாள் புச்கி. "இதுல அவனுக்கு என்ன லாபம்?"

"எதுவும் இருக்காது" என்றாள் சாம்பாதி.

"எதுவுமே இல்லாம எப்படி?"

"விடுடி, சாட்சிக்கு நான் வர்றேன்" என்றாள் ரேபாதி. "எழுதினதை முழுக்கப் படிச்சுக் காட்டினாத்தான் போடுவேன். அப்புறம், நான் போடறது நீ வந்தேங்கறதுக்கு மட்டும்தான். மீன்ல உனக்கு இருக்கிற திமிருக்கு இல்ல."

புச்கி, ரேபாதி, நான் என்று மூன்று பேரும் ஸ்ரீராம்பூர் கோர்ட்டுக்குப் போனோம். வாசலில் புங்க மரத்தடியில் மேசை போட்டிருந்த நோட்டரி, மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த மனிதர். இந்த மாதிரிப் பத்திரம் தினமும் எழுதுகிறவர்போல. எதற்கு என்றுகூடக் கேட்காமல் டைப் அடிக்கச் சொன்னார். தபதி சாந்த்ராவும் புச்கி சாந்த்ராவும் ஒருவரே. ரேபாதி அதை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டு, தேதிகளை ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டுவிட்டு, சாட்சி இடத்தில் ஹேமாங்கினி என்று எழுதினாள். அதற்குக் கீழே நான் எழுதினேன்.

புச்கி முதல் கோட்டின்மேல் தபதி சாந்த்ரா என்று ஒரே இழுப்பில் போட்டாள். இரண்டாவது கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்னம்மா?" என்றார் நோட்டரி.

"இந்தப் பேரை முத்திரைத்தாள்ல போட்டா, நாளைக்கு வேற எவனாவது இதை வச்சுக் கடன் கிடன் வாங்கிட்டா?"

"புச்கிங்கற பேருக்கு எந்த பேங்க்கும்மா கடன் குடுக்கும்?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏண்டி, உன் பேரே உனக்கு மறந்துடுச்சா?" என்றாள் ரேபாதி.

விஷயம் அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயரை அவள் கையெழுத்தாகப் போட்டதே இல்லை. எப்படிப் போடுவது, எங்கே சுழிப்பது, எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள். பொடிசு என்ற அர்த்தத்தில் புச்கி என்று முதலில் கூப்பிட்டது நான். எனக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் காற்றில்தான் இருந்தது. வாசலிலிருந்து கூப்பிடவும், திட்டவும், மீன் சந்தையில் தேடவும். தாளில் அதற்கு வேலை வந்ததே இல்லை.

கடைசியில் ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுதினாள். ரேபாதி எட்டிப் பார்த்து, "கோணலா இருக்கு. பரவாயில்ல, உன்னை மாதிரியே இருக்கு" என்றாள். திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் அவளே மண் குவளையை வாங்கிப் புச்கியின் கையில் கொடுத்தாள். புச்கி ஊதிக்கொண்டே, "இதுக்கு எதுக்கு நீங்க குடுக்கறீங்க?" என்று கேட்டாள். "சந்தேகமா இருந்தா குடிக்காதே" என்றாள் ரேபாதி. புச்கி குடித்தாள்.

கம்பெனியிலிருந்து மார்ச் மாதம் பதில் வந்தது. தங்கியவர் நீங்கள்தான் என்று ஏற்கிறோம், ஹோட்டலைப் பற்றி எங்கள் ஆப்பில் சொல்லியிருந்தது தவறு, வருந்துகிறோம் என்று. சாம்பாதி அதை யூனிட்டில் இரண்டு தடவை படித்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியைப் புச்கியிடம் கொடுத்தாள். லிஃப்ட் என்ற வார்த்தையை ஆப்பில் அந்த ஹோட்டலுக்கான பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜன்னல் கடல் போட்டோ மட்டும் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை வெற்றியில் சேர்க்கக் கூடாது என்கிறாள் புச்கி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆப்பைத் திறந்து அந்தப் பச்சைத் திரை போய்விட்டதா என்று பார்க்கிறாள். பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு புகார் எழுதுகிறாள்.

நான் சேர்க்கிற கட்சிதான். அவளுடைய பள்ளிக்கூடத் தேதி, கல்யாணத் தேதி, பரீட்சை தேறிய தேதி எல்லாம் சர்க்காரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவற்றில் எல்லாம் அவள் தபதி. நாங்கள் கூப்பிடுகிற பெயரில் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்திட்ட தேதி: 2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.